ஆற்றுப்பாலமும் என் காய்ச்சலும்

முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸ் வேலை பார்த்தேன். அத்தனை வருஷத்தில் விளக்கம் கேட்டு எனக்கு வந்த மெமோ ஒன்றே ஒன்றுதான். அதுவும் ஒரு பாலத்தால் வந்தது. பாலத்தில் விரிசல் விழுந்தபோது அதைப் பார்க்காமல் இருந்தவர்களுக்கு மெமோ போகவில்லை. பழுது பார்க்கிறோம் என்று நடுவில் இடித்துப் போட்டுவிட்டுப் போனவர்களுக்குப் போகவில்லை. ஏழு வருஷம் அந்த ஃபைலை மேஜை மேஜையாக நகர்த்திக்கொண்டு இருந்தவர்களுக்கும் போகவில்லை. ஆற்றங்கரையில் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு வந்தது. இதைச் சொல்ல ஆரம்பித்தாலே என் குரல் உயர்ந்துவிடும். உடனே என் மகள், "அம்மா, பிரஷர் மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்பாள். போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் எனக்கு முதல் போஸ்டிங். தென்காசி டவுனுக்கு எதிர்க்கரையில், சிற்றாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். அதையும் சேர்த்து நான்கு ஊர்களுக்கு நான் ஒருத்திதான் நர்ஸ். பிரசவம், தடுப்பூசி, இரும்புச்சத்து மாத்திரை, வயிற்றுப்போக்கு, தேள்கடி எல்லாம் என்னிடம்தான் வரும். எனக்கு இருபத்து நான்கு வயது. தகுதிகாண் பருவம் இன்னும் முடியவில்லை. அப்பா தவறிவிட்டார். ஆலங்குளத்தில் அம்மாவும் தம்பியும் என் வேலையை நம்பி இருந்தார்கள்.

நான் சேருவதற்கு முன்பே பாலத்தை மூடிவிட்டார்கள். கல் தூண்கள், மேலே கான்கிரீட் தளம், தூணுக்குத் தூண் ஒரு கண் என்று ஏழு கண் வைத்தது. ஒரு மழைக்காலத்தில் நடுக் கண்ணைத் தாங்கிய தூணில் விரிசல் கண்டதும், இரண்டு முனையிலும் தார் டிரம்களை நிறுத்தி, பாலம் பழுது என்று ஒரு தகரத்தில் எழுதி வைத்தார்கள். பஸ் நின்றுபோனது. ஆனால் மனிதர்கள் நிற்கவில்லை. டிரம்களுக்கு இடையில் புகுந்து நடந்தார்கள், சைக்கிளை உருட்டினார்கள், ஆட்டை ஓட்டினார்கள். நானும் வேலையில் சேர்ந்த அன்று டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்படித்தான் போனேன்.

சில மாதம் கழித்து வேலை தொடங்கியது. ஊரே கரையில் போய் நின்று வேடிக்கை பார்த்தது. வேலைக்கு வந்தவர்களுக்கு யார் யாரோ இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். பத்து நாளில் நடுக் கண்ணை முழுசாக இடித்து ஆற்றில் தள்ளினார்கள். பதினோராம் நாள் ஒருத்தரும் வரவில்லை. காண்ட்ராக்டருக்கும் ஆபீசுக்கும் தகராறு, மறுபடியும் டெண்டர் விடவேண்டும் என்று சொன்னார்கள். அதுவரை பழுதான பாலத்திலாவது மனிதர்கள் நடந்துகொண்டு இருந்தார்கள். பழுது பார்க்க வந்தவர்கள் அதற்கும் வழி இல்லாமல் செய்துவிட்டுப் போனார்கள். இரண்டு பக்கமும் மூன்று மூன்று கண் அப்படியே நிற்க, நடுவில் இரும்புக் கம்பிகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

போய்க் கேட்கலாம் என்றால் யாரிடம் கேட்பது? டவுன் எல்லை ஆற்றின் நடுவோடு முடிகிறது. அந்தக் கரையில் இருந்து பாதிப் பாலம் ஒரு ஆபீஸ், இந்தக் கரையில் இருந்து பாதிப் பாலம் இன்னொரு ஆபீஸ். இடித்துப் போட்ட கண் சரியாக நடுவில் இருந்தது. டவுன் ஆபீசுக்குப் போனால், "உங்க பக்கத்துக்காரங்களக் கேளுங்க" என்பார்கள். இந்தப் பக்கத்து ஆபீசுக்குப் போனால், "டவுன்ல சம்மதம் வரணும்" என்பார்கள். டீக்கடையில் ஒரு பெரியவர் தினமும் ஒரே கேள்வியைக் கேட்பார்: "ஆத்துக்கு நடுவுல போயி எல்ல பிரிச்சானே, அவனுக்கு நீச்சலு தெரியுமாலே?" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

பாலத்துக்குப் பதிலாக ஆற்றுக்குள் ஒரு மாற்றுப்பாதை போட்டுக் கொடுத்தார்கள். ஆறு சிமெண்டுக் குழாய்களைக் குறுக்கே படுக்கவைத்து, மேலே மண்ணைக் கொட்டி, அதற்கு ஒரு போர்டும் வைத்தார்கள். தண்ணீர் குழாய் வழியாகப் போகும், நாம் மேலே போகலாம் என்று கணக்கு. குற்றாலத்து மலையில் ஒரு பெரிய மழை விழுந்தால் சிற்றாறு எப்படி வரும் என்று அந்தக் கணக்குப் போட்டவருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வெள்ளத்திலும் மண் கரைந்தது. சைக்கிள் சக்கரம் புதையும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, தலையில் தடுப்பூசி ஐஸ் பெட்டியோடு நான் அதைக் கடந்திருக்கிறேன். வேறு பாலம் வழியாகச் சுற்றிப் போகவேண்டும் என்றால் இரண்டு பஸ் மாறவேண்டும். இரண்டு மணி நேரம் ஆகும்.

ஊர்க்காரர்கள் மனு மேல் மனு போட்டார்கள். அரசாங்க வேலையில் இருந்ததால் நான் கையெழுத்துப் போட முடியாது. ஆனால் என் எழுத்து குண்டு குண்டாக அழகாக இருக்கும் என்று எல்லா மனுவையும் என்னிடம்தான் கொண்டுவந்தார்கள். கீழே அவர்கள் பெயர், மேலே என் எழுத்து. எத்தனை மனு என்று நான் எண்ணவில்லை. பதில் வந்ததை வேண்டுமானால் எண்ணலாம். ஒன்று வந்தது. அது எப்படி வந்தது என்பதைத்தான் சொல்லவேண்டும்.

குற்றாலம் சீசனில் எங்கள் பக்கத்து மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. ஆனி பிறந்து சாரல் தொடங்கினால் வீட்டுக்கு வீடு விருந்தாளி. மதுரையில் இருந்து வருவார்கள், மெட்ராசில் இருந்து வருவார்கள். வந்தவர்கள் முன்னால் வீட்டுக் குறை எதையும் காட்டமாட்டோம். ஒழுகுகிற இடத்தில் அண்டாவை வைத்து அதன்மேல் பாயைச் சாத்தி மறைத்துவிடுவோம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்து வீட்டில் கொண்டுபோய்ப் படுக்கவைப்போம். ஊருக்கு வந்தவர்கள் அருவியில் குளித்தோம், நன்றாகச் சாப்பிட்டோம் என்று சந்தோஷமாகப் போகவேண்டும். இது எங்களுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். அருமையான பழக்கம் என்று நானே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாலத்தை இடித்ததற்கு அடுத்த வருஷம் சீசனுக்கு ஒரு அமைச்சர் வந்தார். குற்றாலத்தில் பங்களாவில் தங்கியிருந்தவரைப் பிடித்து, எங்கள் ஊரில் துணை சுகாதார நிலையத்துக்குக் கட்டிய புதுக் கட்டிடத்தைத் திறந்துவைக்கச் சம்மதம் வாங்கிவிட்டார்கள். அதுவரை நான் ஒரு வாடகை வீட்டு முன்னறையில் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். அமைச்சர் டவுனில் இருந்து எங்கள் ஊருக்கு வரவேண்டும் என்றால் ஆற்றைத் தாண்டித்தான் வரவேண்டும். ஊரே குதித்தது. "இங்கன வச்சே பாலத்தக் காட்டிருவோம். கண்ணால பாத்தா ஏன் செய்யமாட்டாரு?" என்று பஞ்சாயத்துத் தலைவர் சொன்னார். மனு எழுதப் புது நோட்டு வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார்கள்.

மனு எழுதியது சரி. அதற்கு அப்புறம் நாங்கள் செய்ததுதான் அநியாயம். மூன்று நாள் ஊரே ஆற்றுக்குள் இறங்கியது. ஆண்கள் மாட்டு வண்டியில் சரள் மண் கொண்டுவந்து பள்ளத்தை எல்லாம் அடைத்தார்கள். பெண்கள் ஆற்று மணலைச் சல்லடையில் சலித்து மேலே பரப்பினார்கள். குழாய்களின் வாயில் அடைத்திருந்த குப்பையைப் பிடுங்கி எறிந்தார்கள். இரண்டு முனையிலும் குலை தள்ளிய வாழை, மாவிலைத் தோரணம். பாதை தொடங்குகிற இடத்தில் கோலம் போட்டது நான். பெரிய கோலம், இருபத்தொரு புள்ளி. அமைச்சர் கார் ஆடக்கூடாது, அவருக்குத் தூசி படக்கூடாது என்று காலையிலேயே குடம் குடமாகத் தண்ணீர் தெளித்தோம். ஒருத்தருக்கும், எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

கார் வந்தது. அமைச்சர் இறங்கினார். நல்ல மனிதர் மாதிரித்தான் இருந்தார். வாழையைப் பார்த்தார், கோலத்தைப் பார்த்தார். மணல் விரித்த பாதையில் நான்கு அடி நடந்தும் பார்த்தார். "பாதை பிரமாதமா இருக்கே" என்றார். பக்கத்தில் நின்ற பாலத்து என்ஜினியர் கூசாமல், "தற்காலிகமா போட்டதுங்கய்யா. ஆனா நல்ல ஸ்ட்ராங்கு" என்றார். மூன்று நாள் மண் சுமந்த ஐம்பது பேர் சுற்றி நிற்கிறோம். ஒருத்தர் வாய் திறந்து, இது நேற்று நாங்கள் போட்டது என்று சொல்லவில்லை. வந்த விருந்தாளியை எப்படி மறுத்துப் பேசுவது? பஞ்சாயத்துத் தலைவர் மனுவைக் கொடுத்தார். அமைச்சர் சிரித்த முகத்தோடு வாங்கிப் பின்னால் நின்றவரிடம் நீட்டினார். இடிந்த கண் இருந்த பக்கம் அவர் திரும்பினாரா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

ஆவணி முடிவதற்குள் பதில் வந்தது. நான் சொன்ன அந்த ஒரே பதில். பஞ்சாயத்துத் தலைவர் அதை என்னிடம் கொண்டுவந்து படிக்கச் சொன்னார். மாண்புமிகு அமைச்சர் அவர்கள் நேரில் பார்வையிட்டதில் மாற்றுப்பாதை நல்ல நிலையில் உள்ளது, பொதுமக்களுக்கு இடையூறு ஏதும் இல்லை, எனவே பாலப் பணி நிதிநிலைக்கு ஏற்ப வரிசைப்படி எடுத்துக்கொள்ளப்படும். நான் இரண்டு தடவை படித்தேன். தலைவர், "நல்லாத்தான இருக்கு. வரிசப்படின்னு போட்டிருக்காம்லா" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் காகிதத்தை அங்கேயே கிழித்திருப்பேன். கிழிக்கவில்லை. எங்கள் கையாலேயே சலித்துப் போட்ட மணல் அந்தக் காகிதத்தில் இருந்தது.

ஐப்பசியில் ஒரு நாள் டவுன் ஆஸ்பத்திரியில் மாதக் கூட்டம். காலையில் ஆற்றில் கணுக்கால் தண்ணீர்தான். மலையில் மட்டும் மேகம் கருத்து இறங்கியிருந்தது. எங்கள் ஊரில் தலைப் பிரசவத்துக்கு ஒரு பெண் இருந்தாள். இருபது வயது, பீடி சுற்றுகிறவள். நாள் கணக்குப்படி இன்னும் பத்து நாள் இருந்தது. போகிற வழியில் அவளைப் பார்த்துவிட்டுத்தான் போனேன். குழந்தையின் தலை இன்னும் கீழே திரும்பவில்லை. "வலி கண்டா உடனே ஆள் அனுப்பு. உன்னை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிரணும்" என்று சொன்னேன். தலையை ஆட்டினாள்.

கூட்டம் முடிந்து பகல் பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்தால், ஆஸ்பத்திரி வாசலில் அவள் புருஷன் நிற்கிறார். பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்திருக்கிறார். வேட்டி இடுப்பு வரை நனைந்திருந்தது.

"நர்சம்மா, வீட்டுல வலி எடுத்துட்டு. வண்டியில தூக்கிப்போட்டுக் கொண்டாரலாம்னா ஆத்துல தண்ணி ஏறுது. மாடு எறங்கமாட்டேங்குது. நான் மட்டும் பிடிச்சுப் பிடிச்சு வந்துட்டேன். நீங்க வாங்க."

டவுனில் அவர் எடுத்து வந்த வாடகைச் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து ஆற்றுக்கு வந்தேன். பாதை இல்லை. சிமெண்டுக் குழாய் ஒன்று மட்டும் புரண்டு தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. மற்றபடி கரைக்குக் கரை செம்மண் தண்ணீர். அமைச்சர் நான்கு அடி நடந்து பார்த்த இடத்தில் ஒரு முழு மரம் வேரோடு போய்க்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் எங்கள் ஊர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். முகம் தெரிகிறது, வாய் அசைவது தெரிகிறது, ஒரு சொல் கேட்கவில்லை. தண்ணீர்ச் சத்தம் அப்படி.

"வடிஞ்சிரும் நர்சம்மா. மலையில மழ நின்னுட்டுன்னா ஒரு மணி நேரத்துல வடிஞ்சிரும்" என்றார் அவர். அது உண்மை. சிற்றாறு வருகிற வேகத்தில் வடியும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நானும் அதை நம்பினேன். சுற்றிப் போனால் இரண்டு மணி நேரம், நின்றால் ஒரு மணி நேரம். நிற்போம் என்று முடிவெடுத்தேன். நான்தான் எடுத்தேன். இதை எங்கேயும் மறைத்தது இல்லை.

ஒரு மணி ஆயிற்று. இரண்டு மணி ஆயிற்று. தண்ணீர் வடியவில்லை. அவர் இரண்டு தடவை இறங்கிப் பார்த்துவிட்டு இழுத்த இழுப்பில் கரைக்கு ஏறினார். பாலத்தின் மேல் ஏறி, இடிந்த இடம் வரை நடந்துபோய்ப் பார்த்தோம். மூன்று கண் தாண்டினால் வெறும் இடைவெளி. அந்தப் பக்கம் மற்ற மூன்று கண். இடையில் இருபது அடி இருக்கும். ஒரு தென்னை மரத்தை வெட்டிக் குறுக்கே போடலாமா என்று அவர் கேட்டார். இருபது அடி. அங்கே நின்றபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அந்த ஆபீஸ்காரர்கள் அத்தனை பேரையும் கையைப் பிடித்து இழுத்துவந்து அந்தக் கம்பிகளுக்கு முன்னால் நிறுத்தி, போங்கள், இப்போது போங்கள் என்று சொல்லவேண்டும் போல இருந்தது. எதிர்க்கரையில் ஒரு பெண் முந்தானையைத் தூக்கி ஆட்டினாள். சீக்கிரம் வா என்கிறாளா, இனி வரவேண்டாம் என்கிறாளா என்று தெரியவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

மூன்று மணிக்குமேல் சுற்றிப் போவது என்று கிளம்பினோம். மழையில் பஸ் ஓடவில்லை. மார்க்கெட்டுக்குப் போகிற வெங்காய லாரி ஒன்றை அவர் தெரிந்த டிரைவர் என்று நிறுத்தினார். மூட்டைமேல் உட்கார்ந்து பாவூர்சத்திரம் வரை போய், அங்கிருந்து ஒரு டெம்போவைப் பிடித்து, ஊருக்குப் போய்ச் சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். கால் முதலில் வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்கள் தெரிந்ததைச் செய்திருக்கிறார்கள். தலை மாட்டிக்கொண்டு விட்டது. பெண் குழந்தை. நல்ல எடை, தலை நிறைய முடி. ஒரு பழைய சேலைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். தாய் பிழைத்தாள். அவளுக்கு வேண்டியதைச் செய்துகொண்டே இருந்தேன். என் கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. ஒரு மணி நேரம் முந்தி வந்திருந்தால் அந்தக் குழந்தையை எடுத்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். அது தெரிந்ததுதான் கொடுமை.

பத்து நாளில் மெமோ வந்தது. மேற்படி தேதியில் தங்கள் பணியிடத்துக்குத் திரும்பாததன் காரணமாகச் சிசு மரணம் நேர்ந்துள்ளது, மூன்று தினங்களுக்குள் விளக்கம் அளிக்கவும். நான் அன்றைக்கே எழுதினேன். நீளமாக எழுதினேன். பாலம் மூடியது, இடித்தது, மாற்றுப்பாதை அடித்துக்கொண்டு போனது, கரையில் நின்றது, லாரியில் வந்தது எல்லாவற்றையும் அதே குண்டு எழுத்தில் நான்கு பக்கம் எழுதி, டவுனில் எனக்கு மேலதிகாரியாக இருந்த மூத்த நர்சம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஐம்பது வயது, நல்ல மாதிரி. என்னைச் சொந்த மகளைப் போல நடத்தியவர். படித்துவிட்டு மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

"இதக் குடுத்தா என்ன ஆகும் தெரியுமாட்டி? பாலத்து ஆபீசுக்கு அனுப்பி வெளக்கம் கேப்பாங்க. அமைச்சரே நேர்ல பாத்து நல்லா இருக்குன்னு சொன்ன பாதய, ஒரு நர்சு மோசம்னு எழுதிருக்கான்னு அவன் பதில் எழுதுவான். அதுக்கப்புறம் குழந்தைய விட்டுட்டு ஒன்னத்தான் விசாரிப்பாங்க. ஒனக்கு இன்னும் புரொபேஷன் முடியல. காய்ச்சல்னு எழுது. கூட்டம் முடிஞ்சதும் காய்ச்சல் கண்டு டவுன்லயே படுத்துட்டேன்னு எழுது. டாக்டர்ட்ட நான் சர்ட்டிபிகேட் வாங்கித் தாரேன். ஒரு கண்டிப்போட முடிஞ்சிரும்."

நான் அழுதேன், கத்தினேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். அம்மாவையும் தம்பியையும் நினைத்தேன். காய்ச்சல் என்று எழுதினேன். ஆறு வரிதான் வந்தது. நான்கு பக்கத்தை அடுப்பில் போட்டேன். அதை எழுதச் சொன்ன அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. எழுதிய என்மேல் இருக்கிறது. இருந்துகொண்டே இருக்கிறது.

விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். அமைச்சர் திறந்துவைத்த புதுக் கட்டிடத்தில்தான் மேஜை போட்டு உட்கார்ந்தார். குழந்தையின் தகப்பன் என்று அவரை வரச்சொல்லியிருந்தார்கள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். நான் என்ன எழுதிக் கொடுத்தேன் என்று அவருக்குத் தெரியாது. போய்ச் சொல்ல எனக்கு முகம் இல்லை. உள்ளே அவர் உண்மையைத்தான் சொல்லப்போகிறார், நர்சம்மா என்னோடுதான் ஆற்றங்கரையில் நின்றார் என்று சொல்லப்போகிறார். சொல்லிவிட்டால் என் வேலை போய்விடும். சொல்லவேண்டும் என்றும் இருந்தது, சொல்லக்கூடாது என்றும் இருந்தது.

அதிகாரி என் ஆறு வரியைப் படித்துக் காட்டினார். "அன்னைக்கு நர்சுக்குக் காய்ச்சல்னு எழுதியிருக்காங்க. டாக்டர் சர்ட்டிபிகேட்டும் இருக்கு. நீங்க டவுனுக்குக் கூப்பிடப் போனீங்கல்ல? சரிதானா?"

 அவர் திரும்பிக் கதவுப் பக்கம் பார்த்தார். நான் நிற்பதைப் பார்த்தார். அப்புறம் அதிகாரி பக்கம் திரும்பினார்.

"ஆமாய்யா. நான் போவும்போது படுத்த படுக்கையாத்தான் கெடந்தாவ. எந்திரிக்கவே முடியல."

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தவர் என்னைத் தாண்டி நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். "ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்று தெரியவில்லை.

"நீங்களே அப்படி எழுதிக் குடுத்திருக்கிய. பெறவு நான் வேற மாதிரிச் சொன்னா ஒங்க வேல போயிராதா? ஒங்களையும் அனுப்பிட்டாங்கன்னா இந்த ஊருக்கு வேற யாரு வருவா நர்சம்மா?" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

அமைச்சருக்கு மணல் விரித்தவர்களில் அவரும் ஒருவர். எனக்கும் அன்றைக்கு அதைத்தான் செய்தார். இந்த ஊர் மனிதர்களின் நல்ல மனசு இருக்கிறவரை எந்த ஆபீசும் எதற்கும் பதில் சொல்லவேண்டியது இல்லை என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது. அந்த ஃபைலை இன்றைக்கு எடுத்துப் பார்த்தாலும் ஆறு இருக்காது, வெள்ளம் இருக்காது, இடித்துப் போட்ட கண் இருக்காது. காய்ச்சலில் படுத்த ஒரு நர்ஸ் இருப்பாள், அதற்குச் சாட்சியாக ஒரு தகப்பன் இருப்பார். எனக்கு ஒரு கண்டிப்பு வந்தது. தகுதிகாண் பருவம் நல்லபடியாக முடிந்தது.

அந்தப் பெண் அதற்கு அப்புறம் என்னிடம் வரவில்லை. ஒரு வருஷம் கழித்து ஐந்து மாத வயிற்றோடு வந்தாள். கார்டு எழுதினேன். பெயர், வயது, எடை. முந்தின பிரசவம் என்று ஒரு வரி உண்டு. குழந்தை உயிரோடு இருக்கிறதா, இல்லை என்றால் காரணம் என்ன என்று கேட்டிருக்கும். என் பேனா அங்கே நின்றது. அவள் பெஞ்சில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள்.

"அந்த விசாரணைப் பேப்பர்ல எம்புள்ள எதுனால செத்துச்சுன்னு போட்டிருக்கு நர்சம்மா?"

அவளுக்குத் தெரிந்திருக்கும், தெரிந்துதான் கேட்கிறாள் என்று பட்டது. "எனக்குக் காய்ச்சல்னு போட்டிருக்கு" என்றேன்.

"எதிர்க்கரையில நின்னு முந்தானய ஆட்டுனது எங்க அம்மை. நீங்களும் அவியளும் பாலத்து மேல நிக்கித பாத்துட்டு வந்துதான் எங்கிட்ட சொன்னா. நர்சம்மா வந்துட்டாவ, அக்கரையிலதான் நிக்காவ, கொஞ்சம் பொறுத்துக்கோன்னு. நானும் பொறுத்துக்கிட்டுக் கெடந்தேன்." அவள் நிறுத்தி மூச்சு விட்டாள். "நீங்க ரெண்டு பேருமாச் சேந்து பாலத்தக் காப்பாத்திட்டிய."

நான் காரணம் என்ற இடத்தில் பாலம் இல்லை என்று எழுதினேன். அவள் அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.  இரும்புச்சத்து மாத்திரையை வாங்கிக்கொண்டாள். சொன்ன தேதியில் எல்லாம் தவறாமல் வந்தாள். ஆனால் பிரசவத்துக்கு என்னை நம்பி இருக்கவில்லை. ஒன்பதாம் மாதம் பிறந்ததுமே புருஷனோடு டவுனுக்குப் போய், ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தெரிந்தவர்கள் வீட்டு ஓரத்தில் ஓலைத் தடுப்புக் கட்டி, அதில் நாற்பது நாள் பீடி சுற்றிக்கொண்டு வலிக்காகக் காத்திருந்தாள். அப்போதும் பாலம் திறக்கவில்லை.